கடல்சுவரின் உட்பக்கம்

எஸ்னாந்த் ஊரில் சேற்றுப் படகு தள்ளுவதில் பெரினுக்கு இணையாக இன்னொரு பெண் இல்லை என்பதை, அவளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள். கடல் வற்றினால் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். அதில் கால் வைத்தால் இடுப்புவரை இறங்கிவிடும். சிப்பி வளர்க்கக் கழி நட்டிருக்கும் இடத்துக்குப் போக ஊர்க்காரர்களிடம் இருப்பது பலகை அடித்த ஒரு தட்டைப் படகு. ஒரு முழங்காலைப் படகுக்குள் ஊன்றிக்கொண்டு, இன்னொரு காலை வெளியே விட்டு, சேற்றை உதைத்து உதைத்துப் போக வேண்டும். மற்றவர்கள் முக்கி முனகிப் போகிற தூரத்தைப் பெரின் ஏதோ எண்ணெயில் வழுக்குகிற மாதிரி போய்விடுவாள்.

அவள் புருஷன் தூரக்கடலுக்கு மீன் பிடிக்கப் போன கப்பலோடு திரும்பி வரவில்லை. அவன் போன பிறகு பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மார்பில் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தவளிடம்தான் லா ரொஷேல் நகரத்திலிருந்து ஒரு பச்சைக் குழந்தை வந்து சேர்ந்தது. பீப்பாய் செய்கிற ஒருவனின் மனைவி யூதித், பிரசவத்துக்குப் பிறகு பால் வற்றிப் படுக்கையாகி, தன் மகன் ஆமோஸைப் பால் கொடுத்து வளர்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாள். யூதித்தும் அவள் ஊரும் சீர்திருத்தச் சபை, அதாவது புராட்டஸ்டண்டுகள். பெரின் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். அந்தக் காலத்தில் பிள்ளைக்குப் பால் தேடுகிறவர்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. உடம்பு தேறியதும் யூதித் அவ்வப்போது வண்டி கட்டிக்கொண்டு வருவாள், பையனை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், போகும்போது அழுவாள். பால் மறந்ததும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

அதற்குள், தனக்கு அடங்காத அந்தச் சபைக்காரர்களை ஒடுக்கப் பிரான்ஸ் ராஜாவின் படை வந்து நகரத்தை வளைத்துக்கொண்டது. வாசல்கள் மூடின. பையன் வெளியே, பெற்றவள் உள்ளே.

நிலத்துப் பக்கம் பள்ளம் வெட்டி, காவல் வைத்து அடைத்துவிட்டார்கள். கடல் பக்கம்தான் திறந்து கிடந்தது. அந்தச் சபைக்குத் துணை நின்ற இங்கிலாந்திலிருந்து தானியம் ஏற்றிய கப்பல் ஒன்று நுழைந்துவிட்டால் நகரம் இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அதனால் துறைமுகத்துக்கு வெளியே, விரிகுடாவின் இரண்டு கரையிலிருந்தும் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்க வருகிற மாதிரி அது இரு பக்கமிருந்தும் வளர்ந்தது. நடுவில் நீரோட்டத்துக்கு விட்ட இடைவெளியில் கல் நிரப்பிய பழைய கப்பல்களை மூழ்கடித்தார்கள். குளிர்காலத்துப் புயல் ஒன்று பாதிச் சுவரை வாரிக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். வெறும் கல் நிற்காது, இடுக்கில் சேறு அடைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, சேற்றை வாரிக்கொண்டு வர யாரால் முடியும் என்ற கேள்வி வந்தது. சிப்பாய்கள் எஸ்னாந்துக்கு வந்து படகுகளையும் படகுக்காரர்களையும் சேர்த்து மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்த ஒருவனின் முதுகு ஒரு மாதம் ஆறவில்லை.

பெரின் மறுக்கவில்லை. வேலைக்குப் போனால் படையின் ரொட்டி கிடைத்தது. சுற்றுவட்டார வயல்களையெல்லாம் படை தின்று தீர்த்திருந்த அந்த வருஷத்தில் ஆமோஸ் வளர்ந்தது அந்த ரொட்டியில்தான். பகலில் பக்கத்து வீட்டு நிக்கோல் அவனைப் பார்த்துக்கொண்டாள். ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டு ஊட்டும்போதெல்லாம் பெரினுக்கு ஒரு நினைப்பு வரும். இது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அவனைப் பெற்றவளின் வாயை அடைக்கிற சுவரிலிருந்து வருகிறது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வரும். அந்த ஊரில் ஒருவரும் மிஞ்சாமல் போனால், இவனைத் தேடி வர ஆள் இருக்காது. அந்த இடத்தில் அவள் எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவாள்.

வடக்குச் சுவருக்கு மேஸ்திரி லியனார். மலைநாட்டுக் கொத்தனார்களைக் கூட்டிக்கொண்டு லிமூசானிலிருந்து வந்தவன். வாய் ஓயாது. பெரினை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"ஏ சேத்துக்காரி, ஒரு படகு சேறு கொண்டாரச் சொன்னா அரைப் படகு தண்ணி கொண்டாந்திருக்க. கல்லுக்கு நடுவுல ஊத்திக் குடிக்கச் சொல்றியா?"

"உங்க ஊர்ல சேறு பாத்திருந்தாத்தானே மேஸ்திரி, எது சேறு எது தண்ணின்னு தெரியும்" என்பாள் பெரின். அவன் ஆட்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிட்டு அடுத்தவனைத் திட்டப் போய்விடுவான்.

சேறு வாருவது சுவருக்கு உட்பக்கம், நகரத்தைப் பார்த்த பக்கம். கடல் வற்றிய நேரத்தில் நகரத்து ஜனங்களும் கூடையோடு சேற்றில் இறங்கி மட்டி பொறுக்க வருவார்கள். கோடை பிறந்தபோது உள்ளே ரொட்டி என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. குதிரை, கழுதை, பூனை எல்லாம் தீர்ந்து, தோலை வேகவைத்துத் தின்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மட்டி பொறுக்குகிறவர்களைக் கரையிலிருந்து சிப்பாய்கள் சுடுவார்கள். சிலர் விழுவார்கள், மற்றவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பொறுக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களோடு ஒரு வார்த்தை பேசினாலும் தூக்கு என்று படகுக்காரர்களுக்கு உத்தரவு. பெரின் அந்தத் திசையைப் பார்க்காமலே வேலை செய்யப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் கடல்மேல் மூடுபனி இறங்கியிருந்தது. சுவர் பாதிதான் தெரிந்தது. கரையில் இருந்தவர்களுக்குக் குறி பார்க்க வழியில்லாததால் துப்பாக்கிச் சத்தமும் இல்லை. பெரின் நல்ல கெட்டிச் சேறு தேடி வழக்கத்தைவிடத் தூரம் போய்விட்டாள். படகை நிறைத்துத் திரும்பும்போது யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கூப்பிடுகிற சத்தம் இல்லை. கூப்பிடத் தெம்பில்லாதவர்களின் சத்தம்.

ஒரு பெண் தொடைவரை புதைந்து நின்றாள். கூடை தலைகீழாகக் கிடந்தது. காலை உருவ உருவ ஆழமாகப் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் கடல் ஏற ஆரம்பிக்கும். சேற்றில் சிக்கியவர்கள் அப்படித்தான் போவார்கள். பெரின் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். உத்தரவு நினைவுக்கு வந்தது. அதற்குள் கால் அந்தப் பக்கம் உதைத்துவிட்டது.

"ஆட்டாதீங்க. பின்னாடி சாஞ்சு படுங்க, கட்டில்ல படுக்கிற மாதிரி. நான் இழுக்கிறேன்" என்றாள்.

அந்தப் பெண் தலையைத் திருப்பினாள். முகத்தில் எலும்பும் கண்ணும்தான் இருந்தன. பெரினுக்கு அது யார் என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பெரினின் குரல் தெரிந்துவிட்டது.

"பெரின். அவன் இருக்கானா?"

யூதித் என்று பெரினுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் தலையை மட்டும் ஆட்டினாள்.

"தலையாட்டாத. வாயால சொல்லு."

"இருக்காம்மா. நல்லா இருக்கான். ஓடுறான். நிக்கோல் வீட்டுக் கோழியெல்லாம் அவனைக் கண்டா பறக்குது."

யூதித் அப்படியே பின்னால் சாய்ந்தாள். பெரின் சொன்னதற்காகச் சாய்ந்தாளா, உடம்பில் பிடித்து வைத்திருந்தது விட்டுப் போய்ச் சாய்ந்தாளா என்று சொல்ல முடியாது. பெரின் படகுச் சேற்றையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, அவள் அக்குளில் கைகொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காலை விடுவித்தாள். இழுப்பதற்குப் பாரமே இல்லை. அதுதான் பெரினைக் கலங்கவைத்தது. ஒரு வளர்ந்த பெண்ணைத் தூக்குகிற எடை அது இல்லை.

படகில் கிடந்தபடி யூதித் சொன்னாள். புருஷன் குளிர்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டான். மாமனாரும் மாமியாரும் வசந்தத்தில். வீட்டில் இப்போது அவள் மட்டும்தான். தெரிந்த முகம் ஏதாவது சேற்றில் தென்படாதா என்று, பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டோமா என்று, கடல் வற்றும்போதெல்லாம் இறங்கியிருக்கிறாள். கேட்டாயிற்று. இனி நகரத்துப் பக்கம் தள்ளிவிட்டால் போதும், பெரினுக்கு எதற்கு வம்பு என்றாள்.

பெரின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் நகரத்துக் கோபுரங்கள் பனியில் கரைந்து தெரிந்தன. இன்னொரு பக்கம் சுவர். அவளுடைய மனசின் ஒரு மூலை, அந்தப் பழைய மூலை, கேட்டதைச் செய்துவிட்டுப் போயேன் என்றது. அவளே கேட்கிறாளே, உன்மேல் என்ன குற்றம் என்றது. பெரின் கை நிறையச் சேற்றை அள்ளி யூதித்தின் முகத்தில் அப்பினாள்.

"என்ன பண்ற?"

"பேசாதீங்க. வாய்க்குள்ள போயிடும்."

தலைமுடி, கழுத்து, கை, நகரத்து மோஸ்தரில் தைத்த சட்டை எல்லாவற்றையும் சேற்றால் மெழுகினாள். தன் முகத்திலும் அப்பிக்கொண்டாள். வேலை முடிந்து சுவர் ஏறுகிற படகுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள். ஆண், பெண், கிழம், குமரி ஒன்றும் தெரியாது. பிறகு முழங்காலை ஊன்றி, சுவரைப் பார்த்து உதைத்தாள். அன்றைக்குப் போல அவள் என்றைக்கும் உதைத்ததில்லை.

சுவரோரம் பனி விலக ஆரம்பித்திருந்தது. மேலே லியனார் இடுப்பில் கை வைத்து நின்றான். அவனுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள் கல்மேல் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார்கள். பெரின் யூதித்தைத் தோளில் சாய்த்து ஏணியில் ஏற்றினாள். கடைசிப் படியில் லியனார் குனிந்து கைகொடுத்தான். யூதித்தின் மணிக்கட்டு அவன் கைக்குள் வந்தது. அந்தக் கையைப் பிடித்தபடி அவன் அசையாமல் நின்றான். சேறு எதையும் மறைக்கும், எலும்பை மறைக்காது. அவன் பெரினைப் பார்த்தான். பெரினும் பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சினால் சிப்பாய்கள் கவனிப்பார்கள்.

மேஸ்திரியின் முகம் சட்டென்று மாறியது. சுவர் முழுவதும் கேட்கிற மாதிரி கத்த ஆரம்பித்தான்.

"மறுபடியும் ஒருத்தியா? நேத்து ஒருத்தி, இன்னைக்கு ஒருத்தி. காய்ச்சக்காரியை எல்லாம் வேலைக்குக் கூட்டியாந்து என் கொத்தனாருங்களையும் சாகடிக்கப் பாக்குறீங்களா? கொதிக்குது உடம்பு. கொண்டு போ இவளை. வண்டில போட்டு ஊருக்கு ஓட்டிட்டுப் போ. என் சுவர்மேல வாந்தி எடுத்தாள்னா உன்னைக் கல்லோட கல்லா வச்சுக் கட்டிடுவேன்."

காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்ததுமே சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். முகாமில் குண்டைவிடக் காய்ச்சல்தான் அதிகம் பேரைக் கொண்டு போயிருந்தது. ஒருவன் சட்டைக் கையால் மூக்கை மூடிக்கொண்டான். இருவரும் ஒதுங்கி வழி விட்டார்கள். சுவரின் முழு நீளத்துக்கும் பெரின் அவளை அணைத்தபடி நடந்தாள். கல் சுமந்து எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஓரமாக நகர்ந்துகொண்டார்கள். யாரை உள்ளே வைத்து அடைக்க அந்தச் சுவரைக் கட்டினார்களோ, அவர்களில் ஒருத்தி அதன் முதுகின்மேலேயே நடந்து கரை ஏறினாள்.

வண்டியில் ஊருக்குத் திரும்பும் வழியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எஸ்னாந்துக்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெண்கள் யார் யார் என்று தெரியாதா என்ன. தெரிந்ததால்தான் கேட்கவில்லை. வண்டி ஓட்டியவன் தன் கம்பளியைப் பின்பக்கம் தள்ளிவிட்டான், அவ்வளவுதான்.

வீட்டில் பெரின் அவளுக்கு ரொட்டி கொடுக்கவில்லை. பட்டினி கிடந்தவர்கள் அவசரப்பட்டுத் தின்று செத்ததை அவள் கேள்விப்பட்டிருந்தாள். சிப்பி வேகவைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். யூதித் ரொட்டி இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கேட்டாள், திட்டினாள், ஒரு முறை பெரினின் கையைக் கடிக்கவே வந்தாள். பெரின் அசைந்து கொடுக்கவில்லை.

ஆமோஸ் கிட்டே வரவில்லை. அந்த எலும்பு முகத்தைப் பார்த்ததும் வீறிட்டுப் பெரினின் பாவாடைக்குள் புகுந்துகொண்டான். அம்மா, அம்மா என்று அவன் அழைத்தது பெரினை. யூதித் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெரினுக்குத் தன் பேரில் வெட்கமாக இருந்தது, தான் எதுவும் செய்யாவிட்டாலும்.

அதன்பிறகு அவர்கள் மூவரும் ஒரே அறையில் இருந்தது சுலபமான காலம் இல்லை. பெரின் விடிவதற்குள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. போகாவிட்டால் தேடி வருவார்கள், தேடி வந்தால் யூதித்தைப் பார்ப்பார்கள். அதனால் அவளைக் காப்பாற்றவே சுவருக்குச் சேறு சுமந்தாள். மாலையில் அவள் கால் கழுவும்போது யூதித் ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னைக்கு எவ்வளவு வளந்துச்சு?"

"வளரலை. இடுக்குதான் அடைச்சோம்."

"எங்க தெரு முனைல ஒரு ரொட்டிக் கடைக்காரர் இருப்பாரு. அவர் பொண்டாட்டிக்கு மூணு பிள்ளைங்க." என்றாள் யூதித். பெரின் கால் கழுவிய தண்ணீரை வெளியே கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். உள்ளே வந்தபோது யூதித் அவளுக்காக நெருப்பைக் கிளறிவிட்டுக் கொஞ்சம் கூழைச் சூடு பண்ணி வைத்திருந்தாள். அதில் கோபம் இல்லை என்று பெரினுக்குப் புரிந்தது. கோபம் இருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்றும் தோன்றியது.

பையன் வழிக்கு வந்தது ஒரு மழை நாளில். யூதித் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குத் தேறியிருந்தாள். சிப்பியைச் சாப்பிடும்போது வெறும் ஓடு ஒன்றை எடுத்து, அதைக் குறடு மாதிரி இரண்டு விரலில் அழுத்தி, அடுத்த சிப்பியின் சதையைப் பிடித்து இழுத்துத் தின்றாள். பெரின் எப்போதும் கத்தியால் வழித்துத்தான் கொடுப்பாள். ஆமோஸ் தூரத்திலிருந்து பார்த்தான். யூதித் அவனைப் பார்க்காத மாதிரி, வாத்து கொத்துகிற மாதிரி ஓட்டை டக்டக்கென்று தட்டிக் காட்டினாள். அவன் ஒரு அடி வந்தான். அவள் தட்டினாள். இன்னொரு அடி. கடைசியில் அவள் கையிலிருந்த ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு, அவள் மூக்கையே கொத்த வந்தான். யூதித் சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரின் திரும்பவே இல்லை. புகை கண்ணைக் கரித்தது என்று பிறகு சொல்லிக்கொண்டாள்.

இலையுதிர்காலத்தில் இங்கிலாந்துக் கப்பல்கள் வந்தன. பீரங்கிச் சத்தம் எஸ்னாந்துவரை கேட்டது. யூதித் வாசலில் முழங்காலிட்டு, தன் சபையின் பாட்டை முணுமுணுத்தாள். பெரின் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், அவள் பக்கத்திலேயே முழங்காலிட்டாள். கப்பல்களால் சுவரைத் தாண்ட முடியவில்லை. சில வாரத்தில் நகரம் சரணடைந்தது. உள்ளே நுழைந்த சிப்பாய்கள் முதுகில் தொங்கிய ரொட்டியைப் பார்த்தவர்களுக்குப் பிய்த்துக் கொடுத்தார்களாம். தெருவில் கிடந்தவர்களைத் தாண்டி நடக்க முடியாமல் சிலர் அழுதார்களாம்.

அடுத்த வாரமே ஒரு புயல் அடித்தது. வேலைக் கணக்கைத் தீர்க்கச் சுவரடிக்குப் போன பெரின், அங்கே லியனார் மழையில் நனைந்தபடி நிற்பதைப் பார்த்தாள். அவன் எதிரே சுவரில் பெரிய வாய் திறந்திருந்தது. அலை அதன் வழியே தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"இது கொஞ்சம் முன்னாடி உடைஞ்சிருந்தா என்னைத் தொங்க விட்டிருப்பாங்க" என்றான் அவன். பிறகு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி உடைஞ்சிருந்தா உள்ள எத்தனை பேர் பொழைச்சிருப்பாங்க" என்றான். எதைச் சொல்லி வருத்தப்படுவது என்று அவனுக்கே தெரியவில்லை போலிருந்தது.

பெரின் துணியில் சுற்றி வைத்திருந்த வெந்த சிப்பியை அவனிடம் நீட்டினாள். அன்று கை கொடுத்ததற்கு நன்றி என்றாள்.

"எந்தக் கை? காய்ச்சக்காரி ஒருத்தியைத் துரத்தினேன். அவ பொழைச்சாளா?"

"அவ மகன் இப்ப அவ மடியிலதான் தூங்குறான் மேஸ்திரி."

லியனார் வாய் நிறையச் சிப்பியோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு ஆளை எதற்கோ திட்டினான்.

நகரத்துக்குள் போக அனுமதி கிடைத்ததும் மூவரும் வண்டியில் போனார்கள். யூதித்தின் வீடு நின்றிருந்தது. பட்டறையில் ஒரு பீப்பாய்ப் பலகைகூட மிஞ்சவில்லை, எல்லாம் குளிருக்கு எரிந்து போயிருந்தது. இரும்பு வளையங்கள் மட்டும் சுவரில் தொங்கின. ரொட்டிக் கடைக்காரர் இல்லை. அவர் மனைவியும் கடைசிப் பிள்ளையும் இருந்தார்கள். அந்த அம்மாள் யூதித்தைக் கண்டதும் வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் தெருவிலேயே வெகுநேரம் அப்படி நின்றார்கள்.

பெரின் பையனின் துணியை மூட்டையிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். ராத்திரி அவனுக்கு இருமல் வந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தப் பக்கம் படுக்கவைத்தால் தூங்குவான் என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதபோதும் சொன்னாள். யூதித் குறுக்கிட்டாள்.

"சிப்பி விக்க இனிமே எங்க போவ?"

"தெரியலைம்மா. இங்கதான் சந்தை. இருக்கிறவங்க வாங்கித் திங்கணும்ல."

"திம்பாங்க. இந்தப் பட்டறைல இனி பீப்பாய் கிடையாது. வாசல் அகலமா இருக்கு, கூடையை இங்கேயே இறக்கு. நான் விக்கிறேன். சந்தை நாள்ல வந்தா ராத்திரி தங்கிட்டுப் போ. என்னை அம்மான்னு கூப்பிடுறதை விடு. என்னைச் சேத்துல இருந்து தூக்கினவ நீ."

"வேற என்னன்னு கூப்பிடுறது?"

"பேர் இருக்குல்ல."

அன்று மாலை பெரின் கிளம்பியபோது ஆமோஸ் கதறினான். தெரு முனை திரும்பும்வரை அவன் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் போகமாட்டோம் என்று தெரிந்து அவள் வண்டிக்காரனின் முதுகையே பார்த்துக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுக்க வீடு பெரிதாக இருந்தது. சேற்றில் இறங்கி, சாய்ந்துபோயிருந்த கழிகளை ஒவ்வொன்றாகச் சரி செய்தாள். ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டும் அவற்றில் சிப்பி கொத்துக் கொத்தாக அப்பியிருந்தது.

சந்தை நாளில் இரண்டு கூடை நிறையக் கொண்டு போனாள். தெருவில் புதிதாகச் சில வாசல்கள் திறந்திருந்தன. ஒரு வீட்டில் யாரோ ஜன்னலுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். ரொட்டி வேகும் வாசனை வந்தது. பட்டறை வாசலில் யூதித் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யூதித்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள் பெரின். வாய்க்கு அது இன்னும் பழகவில்லை.

யூதித் நிமிர்வதற்குள், உள்ளேயிருந்து பையன் ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தான்.